கோஹா அறிக்கைப் பகுதி: ஐந்தாண்டுத் திட்டம் போடும் நூலகத்துக்கு எவ்வளவு கை கொடுக்கும்?

நூலக மென்பொருள் கோஹாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பட்டியலாக்கம், இரவல் கவுன்ட்டர், இணையப் பட்டியல் ஆகிய மூன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அறிக்கைப் பகுதியை யாரும் சீண்டுவதில்லை. "அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்துக்குப் புள்ளிவிவரம் அனுப்புங்கள்" என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்த பிறகுதான் அந்தப் பக்கமே திறக்கப்படும். அதனால் இந்த மதிப்புரை அந்த ஒரு பகுதியைப் பற்றி மட்டும். ஒரு பொது நூலகம் தன் திட்டத்தை வகுக்கவும், வகுத்த திட்டம் பலித்ததா என்று பார்க்கவும் அது எவ்வளவு தூரம் உதவும் என்பதுதான் கேள்வி.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கவுன்ட்டரில் நடக்கும் கொடுக்கல் வாங்கலைக் கோஹா விடாமல் எழுதி வைக்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உறுப்பினர், நூலிருப்பு இரண்டிலும் இன்றைய நிலையைத்தான் அது வைத்துக்கொள்ளும். பழையதன் மேலேயே புதியதை எழுதிவிடும். அன்றைக்கு எப்படி இருந்தது, இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று ஒப்பிடுவதுதான் மதிப்பீடு. அன்றைய நிலையை மாதாமாதம் எடுத்துத் தனியே வைக்காத நூலகத்துக்கு இந்த அறிக்கைப் பகுதி பாதி பலன்தான் தரும்.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி: நியூசிலாந்தின் ஹோரோஃபெனுவா நூலக அறக்கட்டளைக்காக 1999இல் எழுதப்பட்டு, 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்த கட்டற்ற மென்பொருள் இது. அவர்களுடைய பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டுத் தேதியைத் தாங்காது என்பதால் பிறந்தது. உரிமக் கட்டணம் கிடையாது. ஆண்டுக்கு இருமுறை, மே மாதமும் நவம்பர் மாதமும், புதிய பதிப்பு வரும். செலவெல்லாம் சர்வருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கும்தான்.

அறிக்கைப் பகுதியில் எண்களை எடுக்க மூன்று வழிகள். முதலாவது புள்ளிவிவர விஸார்ட். வரிசையில் உறுப்பினர் வகை, நெடுக்கையில் மாதம், கட்டத்தில் இரவல் எண்ணிக்கை என்று தேர்ந்தெடுத்தால் அட்டவணை வந்துவிடும். கட்டத்தில் மொத்த இரவலையா, இரவல் வாங்கிய தனித்தனி ஆட்களையா, போய்வந்த தனித்தனிப் பிரதிகளையா, எதை எண்ணுவது என்றும் கேட்கும். இந்தக் கேள்வியைக் கவனிக்காமல் கடந்துபோனால் ஒரே அட்டவணை மூன்று விதமான கதை சொல்லும். அன்றாடச் சந்தேகத்துக்கு விஸார்ட் போதும், ஆண்டறிக்கைக்குப் போதாது. இதன் எல்லைகளைச் சொல்லி, ஆண்டிறுதிக் கணக்குக்குத் தனி அறிக்கை எழுதிக்கொள்ளும்படி கோஹா கையேடே சொல்கிறது.

இரண்டாவது, ஆறு படிகளில் வழிநடத்தும் அறிக்கை. எந்தப் பகுதி, எந்த வகை அறிக்கை, எந்தெந்தக் களங்கள், என்ன வடிகட்டல், எதைக் கூட்டுவது, எப்படி அடுக்குவது என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். அறிக்கை வகையைக் கேட்கும் இரண்டாம் படியில் வேலை செய்வது அட்டவணை வகை ஒன்றுதான். தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல் தெரியாதவர்கள் இதில் ஓர் எளிய அறிக்கையை உருவாக்கி, அது எழுதித் தரும் எஸ்கியூஎல்லைப் படித்துப் பழகலாம். அந்த அளவுக்குத்தான் இதன் பயன்.

உண்மையான சரக்கு மூன்றாவதில் இருக்கிறது: நேரடியாக எஸ்கியூஎல் எழுதிச் சேமிப்பது. தரவைப் படிக்கும் செலக்ட் கட்டளையை மட்டுமே ஏற்கும் என்பதால் தவறாக எழுதினாலும் தரவு கெடாது. கிளை, தேதி, உறுப்பினர் வகை ஆகியவற்றை ஓட்டும்போது கேட்கும்படி வைக்கலாம். ஒரே அறிக்கையை எல்லாக் கிளைகளும் தத்தமது பெயரைத் தேர்ந்தெடுத்து ஓட்டிக்கொள்ளும். பயனர் சமூகத்தின் விக்கியில் பிறர் எழுதிய அறிக்கைகள் ஏராளம் கிடக்கின்றன. ஆனால் அவற்றை அப்படியே ஒட்டி ஓட்டினால் எண் வரும். அது சரியான எண்தானா என்பதில்தான் வில்லங்கம்.

இரவலையே எடுத்துக்கொள்வோம். வாசகர் கையில் இப்போது இருக்கும் புத்தகம் கோஹா தரவுத்தளத்தின் 'இஷ்யூஸ்' அட்டவணையில் இருக்கும்; திருப்பியதும் 'ஓல்ட் இஷ்யூஸ்' அட்டவணைக்கு நகர்ந்துவிடும். ஒன்றில் மட்டும் தேடி எழுதிய அறிக்கை, மார்ச் மாதக் கணக்கை ஏப்ரலில் ஒரு விதமாகவும் ஜூனில் வேறு விதமாகவும் காட்டும். இரண்டையும் சேர்த்து எடுக்க வேண்டும். அதைவிட நல்லது 'ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' அட்டவணை. இரவல், புதுப்பித்தல், திரும்பப் பெறுதல், உள்ளேயே படித்தது என்று ஒவ்வொரு நிகழ்வுக்கும் அதில் ஒரு வரி விழும். எழுதியது எழுதியதுதான், நகராது.

அங்கேயும் இரண்டு இடத்தில் கால் இடறும். புதுப்பித்தலை இரவலோடு சேர்த்து எண்ணுவதா இல்லையா என்பதை முதல் ஆண்டே முடிவு செய்து எழுதி வைக்க வேண்டும். இடையில் தானியங்கிப் புதுப்பித்தலை இயக்கிவிட்டால், யாரும் நூலகத்துக்கு வராமலேயே 'இரவல்' எகிறும். இரண்டையும் தனித்தனி வரியாகக் காட்டுவதே நேர்மை. அடுத்தது கிளை. அந்த அட்டவணையில் உள்ள கிளைப் பெயர் பரிமாற்றம் நடந்த இடத்தைக் குறிக்கும், நூலின் தாய்க் கிளையை அல்ல. வாசகர் வீட்டிலிருந்து இணையத்தில் புதுப்பித்தால் எந்தக் கிளையின் பெயரில் எழுதுவது என்பதற்குத் தனி அமைப்பு இருக்கிறது. அதில் கிளை எதையும் குறிக்காத தேர்வைப் போட்டிருந்தால் எந்தக் கிளைக்கும் சேராத ஒரு குறியீட்டில் போய் விழும். கிளைவாரியாகக் கூட்டிய தொகையும் மொத்தத் தொகையும் ஒத்துவராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கழித்த நூல்கள் இன்னொரு ஓட்டை. நீக்கிய பிரதி 'டெலீட்டட் ஐட்டம்ஸ்' அட்டவணைக்குப் போய்விடும். இரவல் வரிகளை 'ஐட்டம்ஸ்' அட்டவணையோடு மட்டும் இணைத்து வகைவாரியாகப் பிரித்தால், சென்ற ஆண்டு சுற்றில் இருந்து இந்த ஆண்டு கழிக்கப்பட்ட நூல்களின் இரவல்கள் மொத்தமாகக் காணாமல் போகும். கழிவு அதிகமான ஆண்டில் பழைய ஆண்டின் இரவலே குறைந்துபோனதாகத் தெரியும். 'ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' வரியிலேயே நூல் வகையும் சேகரிப்புக் குறியீடும் பதிவாகின்றன. பிரிப்பதற்கு அவற்றைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை.

உறுப்பினர் கணக்கு இன்னும் மோசம். "2022 மார்ச் 31 அன்று நடப்பு உறுப்பினர் எத்தனை பேர்?" என்பது திட்ட ஆவணத்தில் கட்டாயம் வரும் கேள்வி. கோஹாவால் இதற்குப் பின்னோக்கிச் சரியாகப் பதில் சொல்ல முடியாது. சந்தாவைப் புதுப்பித்ததும் காலாவதித் தேதி மாறிவிடும். நீக்கியவர் வேறு அட்டவணைக்குப் போய்விடுவார். சிறுவர் வகையிலிருந்து பெரியவர் வகைக்கு மாற்றியவர் பழைய ஆண்டு அறிக்கையிலும் பெரியவராகவே வருவார். சிறுவர் பிரிவை வளர்ப்பது திட்டத்தின் இலக்கு என்றால், வளர்ந்து பெரியவர்களான பிள்ளைகளே அந்த இலக்கின் அடிப்படை எண்ணைக் குலைத்துவிடுவார்கள்.

இதற்கு மருந்து மாதாந்தர நிலைப்பதிவு. ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின் ஓடும்படி கிரானில் (சர்வரில் குறித்த நேரத்துக்கு வேலைகளைத் தானே ஓட்டும் வசதி) நான்கைந்து அறிக்கைகளைக் கட்டிவிட வேண்டும்: வகைவாரியாக நடப்பு உறுப்பினர், அவர்களில் கடந்த 12 மாதத்தில் ஒரு முறையாவது நடமாட்டம் உள்ளவர், வகையும் மொழியும் பிரித்த நூலிருப்பு, தொலைந்ததாகக் குறித்த பிரதிகள், தவணை கடந்தவை. கோஹாவோடு வரும் 'ரன் ரிப்போர்ட்' நிரல் இவற்றை ஓட்டி சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணைக் கோப்பு) மின்னஞ்சலில் அனுப்பும். முடிவுகளைத் தரவுத்தளத்திலேயே சேமிக்கவும் செய்யும். உறுப்பினரின் கடைசி நடமாட்டம் பதிவாவதற்கு அதற்கான அமைப்பு இயக்கத்தில் இருக்க வேண்டும். அது அணைந்திருந்தால் 'நடமாட்டம் உள்ளவர்' என்ற களம் வெறுமையாகவே கிடக்கும். மூன்றாண்டு கழித்து இயக்கினால் போன மூன்றாண்டு திரும்பாது.

தமிழ் நூலகங்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது மொழிக் குறியீடு. தமிழ் நூல்களின் இரவல் எவ்வளவு, ஆங்கில நூல்களுடையது எவ்வளவு என்று தெரியாமல் கொள்முதல் பணத்தைப் பங்கிட முடியாது. மார்க் பதிவின் (நூல் விவரங்களை எண்ணிட்ட களங்களில் எழுதும் பட்டியலாக்க வடிவம்) 008 களத்தில் 35 முதல் 37 வரையிலான இடங்களில் மொழி இருக்கும். தமிழுக்கு டி-ஏ-எம், ஆங்கிலத்துக்கு இ-என்-ஜி. கோஹாவில் இதற்கு முன்னிருப்பாக, அதாவது நாம் மாற்றாதவரை, இருப்பது ஆங்கிலம். பட்டியல் இடுபவர் 008 களத்தை ஒரு சொடுக்கில் நிரப்பிவிட்டு நகர்ந்தால், தமிழ் நாவலும் ஆங்கில நூலாகவே பதிவாகும். பிறகு அறிக்கை எடுத்தால், தமிழ் படிக்க ஆளே இல்லாத ஊர் போலத் தோன்றும். நிர்வாக அமைப்பில் 008 முன்னிருப்பு மொழியைத் தமிழாக மாற்றிவிட்டால் புதிய பதிவுகள் சரியாக விழும். ஆங்கில நூல்களுக்குத்தான் அப்புறம் கவனம் வேண்டும். ஏற்கெனவே ஏறியவற்றில், தலைப்பில் தமிழ் எழுத்து இருந்தும் குறியீடு ஆங்கிலமாக உள்ளவற்றை எஸ்கியூஎல்லில் பிரித்தெடுத்து, தொகுதித் திருத்தத்தில் மாற்றலாம். அறிக்கை எழுதும்போது ஒன்றை மறக்கக் கூடாது: மார்க் எண்ணிக்கை சுழியத்தில் தொடங்குகிறது, எஸ்கியூஎல் எண்ணிக்கை ஒன்றில் தொடங்குகிறது. மார்க்கில் 35ஆம் இடம் என்பது அறிக்கையில் 36ஆம் இடம். இதைத் தவறவிட்டால் 'தமிழ்' என்று ஒரு நூல்கூட வராது.

நூலிருப்பை மதிப்பிடும் அறிக்கைகளில் கோஹா உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. ஒவ்வொரு பிரதிக்கும் மொத்த இரவல் எண்ணிக்கை, கடைசியாக இரவல் போன தேதி, சேர்க்கைத் தேதி எல்லாம் உண்டு. சுழற்சி வீதம் எடுப்பது எளிது: 20,000 பிரதிகளில் ஆண்டுக்கு 30,000 இரவல் என்றால் 1.5. ஆனால் மொத்த வீதத்தால் திட்டத்துக்கு ஒரு பயனும் இல்லை. சிறுவர் பகுதியில் 4, தமிழ்க் கவிதையில் 0.3, போட்டித் தேர்வு நூல்களில் 7 என்று வகைவாரியாகப் பிரித்தால்தான் அலமாரியையும் பணத்தையும் எங்கே நகர்த்துவது என்று தெரியும். வகுக்கும் எண்ணிலிருந்து இரவலுக்கில்லாத நூல்களைக் கழிக்க வேண்டும். அந்தக் குறிப்பு பிரதியிலும் இருக்கலாம், நூல் வகையிலும் இருக்கலாம். ஒன்றை மட்டும் பார்த்தால் குறிப்புதவி நூல்கள் கணக்கில் புகுந்து வீதத்தை இழுத்துவிடும்.

முடங்கிய இருப்பைத் தேடும்போது ஒரு பொறி. "கடைசி இரவல் 2020க்கு முன்" என்று கேட்டால், ஒரு முறைகூட இரவல் போகாத நூல்கள் அந்தப் பட்டியலில் வரவே வராது. அவற்றுக்குத் தேதியே கிடையாது. வெற்றுக் களம் எந்த ஒப்பீட்டிலும் தேறாது. முதலில் கழிக்க வேண்டியவையே தப்பித்துக்கொள்ளும். வெற்றாக உள்ளவற்றையும் சேர் என்று தனியாகச் சொல்ல வேண்டும். அதோடு, பழைய இருப்புப் பதிவேட்டிலிருந்து நூல்களைக் கணினியில் ஏற்றிய நூலகங்களில் சேர்க்கைத் தேதி பெரும்பாலும் ஏற்றிய நாளாகவே இருக்கும். அந்தக் களத்தில் கோஹா இன்றைய தேதியைத் தானே போட்டுவிடும். 1987இல் வாங்கிய நூலும் போன ஆண்டு வாங்கியதுபோல் நிற்கும். 'புதிய நூல்களின் பங்கு' என்ற குறியீட்டெண்ணை அப்படிப்பட்ட நூலகம் வெளியிடாமல் இருப்பதே மேல்.

வெளியே போகாமல் உள்ளேயே படிக்கப்படுவதை எடுத்துக்கொள்வோம். நம் கிளை நூலகங்களில் நாளிதழ் படிக்க வருகிறவர்களும், காலை முதல் மாலை வரை போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களும்தான் நாற்காலிகளை நிரப்புகிறார்கள். இரவல் கணக்கில் இவர்கள் கண்ணுக்கே தெரிய மாட்டார்கள். கோஹாவில் இதற்கு வழி இருக்கிறது. 'புள்ளிவிவரம்' என்ற வகையில் ஓர் உறுப்பினர் வகையை உருவாக்கி, அதில் பொய்யாக ஓர் உறுப்பினரைச் சேர்த்து, அவருக்கு ஓர் அட்டை எண் கொடுக்க வேண்டும். மாலையில் மேசைகளில் கிடக்கும் நூல்களை அலமாரியில் வைக்கும் முன் அந்த அட்டைக்கு இரவல் போடுவதுபோல் ஸ்கேன் செய்தால் போதும். இரவல் ஆகாது, 'உள்ளே படித்தது' என்று பதிவாகும். திரும்பப் பெறும் திரையில் ஸ்கேன் செய்தாலே அப்படிப் பதிவாகும்படியும் ஓர் அமைப்பு உண்டு. படித்தவர் யார் என்றும் தெரிய வேண்டுமென்றால் வளாகத்துக்குள் இரவல் என்ற வசதியை இயக்கலாம். அன்றைக்கே திருப்ப வேண்டிய தவணையோடு அவர் பெயரில் ஏறும். படித்த வாசகரே நூலை அலமாரியில் சொருகிவிட்டால் எண் குறையும். "படித்ததை மேசையிலேயே வையுங்கள்" என்று ஓர் அட்டை தொங்கவிடுவது கணக்கெடுப்பின் ஒரு பகுதி. ஆண்டு முழுவதும் முடியாவிட்டால், தேர்வுக் காலத்தில் ஒரு வாரம், மற்ற காலத்தில் ஒரு வாரம் என்று மாதிரி எடுத்து, அது மாதிரிதான் என்று குறிப்பிட்டு வெளியிடலாம்.

கிடைக்காமல் போனதைக் கணக்கிடுவது இந்தப் பகுதியின் சுவையான மூலை. நூல் பரிந்துரைகளில் பரிந்துரைத்த தேதியும் நிலையும் இருக்கின்றன. முன்பதிவில் கேட்ட நாளும் நூல் கைக்கு வந்து காத்திருந்த நாளும் இருக்கின்றன. இடைவெளியைக் கணக்கிடும்போது சராசரியை விட நடு எண் (வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்பது) நம்பத் தக்கது. ஓராண்டு தூங்கிய ஒரு முன்பதிவே சராசரியைத் தூக்கிவிடும். தேடல் வரலாற்று அட்டவணையில் விடை சுழியம் என்று வந்த தேடல்களை எடுத்தால், மக்கள் கேட்டும் நம்மிடம் இல்லாதவை வரிசையாக வரும். உள்நுழைந்து தேடியவர்களுடையவை மட்டுமே இதில் தங்கும். துப்புரவுக் கிரான் பழையதை அழித்துவிடும், ஆகவே மாதாந்தர நிலைப்பதிவில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பட்டியலில் எழுத்துப் பிழையால் விழுந்தவை எவை, உண்மையிலேயே இல்லாதவை எவை என்று கண்ணால்தான் பிரிக்க வேண்டும். தமிழ்த் தேடலே சரியாக விழாமல் சுழியங்கள் குவிந்தால், தேடலுக்காகச் சொற்களை அடுக்கும் அட்டவணையாக்கத்தில் ஐசியூ முறை (ஆங்கிலமல்லாத எழுத்துகளையும் சரியாகக் கையாள்வது) இயக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஊர்வாரியாக எத்தனை பேரை எட்டுகிறோம் என்பதற்கு முகவரிக் களத்தை நம்பக் கூடாது. 'தி.மலை', 'திருவண்ணாமலை', அதே பெயர் ஆங்கிலத்தில் என்று மூன்று ஊராக வந்து நிற்கும். நிர்வாகத்தில் ஊர்ப் பட்டியலை முன்பே போட்டுவிட்டால் பதிவு செய்பவர் தேர்ந்தெடுத்தால் போதும். வார்டு, கிராமம், தொழில் போன்றவற்றுக்கு உறுப்பினர் படிவத்தில் புள்ளிவிவரத்துக்கென்றே இரண்டு வகைப்பாட்டுக் களங்கள் உள்ளன. பட்டியலோடு இணைத்துப் பயன்படுத்தலாம். இவையெல்லாம் நிறுவும் வாரத்தில் அரை நாள் வேலை. விட்டுவிட்டால் பிறகு ஆயிரக்கணக்கான அட்டைகளைத் திருத்தும் வேலை.

கோஹாவிடம் கேட்கவே கூடாதவையும் உண்டு. வாசலில் எத்தனை பேர் நுழைந்தார்கள் என்பது அதற்குத் தெரியாது; அதற்கு வாசல் எண்ணியோ வருகைப் பதிவேடோ வேண்டும். நிகழ்ச்சிக்கு வந்தவர், வாசகர் வட்டக் கூட்டம், இணைய மேசைப் பயன்பாடு எதுவும் இதில் இல்லை. இலக்கைப் பதித்து வைத்து "இவ்வளவு எட்டியாயிற்று" என்று காட்டும் பலகையும் இல்லை. வரைபட வசதி உண்டு, இலக்குக் கோடு கிடையாது. நூலகத்தால் வாசகருக்கு என்ன மாறியது என்பது வேறு ஆய்வு. சர்வதேசத் தரங்களே இவற்றைப் பிரித்துத்தான் வைத்திருக்கின்றன: புள்ளிவிவர வரையறைகளுக்கு ஐஎஸ்ஓ 2789, செயல்திறன் குறியீடுகளுக்கு ஐஎஸ்ஓ 11620, தாக்கத்துக்கு ஐஎஸ்ஓ 16439. கோஹா முதலாவதற்கு நிறைய கொடுக்கும், இரண்டாவதற்கு ஓரளவு. மூன்றாவதற்கு வாசகரிடம் நேரில்தான் கேட்க வேண்டும்.

தமிழ் எழுத்துள்ள அறிக்கையை இறக்கும்போது சிஎஸ்வி எடுத்து எக்செல்லில் நேராகத் திறந்தால் எழுத்துகள் சிதைந்து வரலாம். ஓடிஎஸ் என்ற விரிதாள் வடிவில் இறக்கினால் சிக்கல் இல்லை. சிஎஸ்விதான் வேண்டுமென்றால் எக்செல்லின் தரவு இறக்குமதி வழியாக எழுத்துக் குறியாக்கம் யுடிஎஃப்-8 என்று சொல்லித் திறக்க வேண்டும்.

அறிக்கையைப் 'பொது' என்று குறித்தால் அதன் முடிவு யாரும் எடுக்கக்கூடிய இணைய முகவரியில் கிடைக்கும். நூலக இணையதளத்தில் இரவல் எண்ணைக் காட்ட அருமையான வசதி. உறுப்பினர் பெயரோ கைபேசி எண்ணோ உள்ள அறிக்கையில் அந்தக் குறியைப் போட்டுவிட்டால் அதுவும் ஊருக்கே தெரியும். அறிக்கை உருவாக்கும் உரிமையும் ஓட்டும் உரிமையும் கோஹாவில் தனித்தனி. கிளைகளுக்கு ஓட்டும் உரிமை மட்டும் போதும். படித்த வரலாற்றிலிருந்து உறுப்பினர் அடையாளத்தை நீக்கும் வசதியை இயக்குவதும் நல்லதே. ஆனால் "ஒரு உறுப்பினர் சராசரியாக எத்தனை நூல்" போன்ற கணக்குகளை அதற்கு முன் நிலைப்பதிவில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பராமரிப்பை வெளியாரிடம் ஒப்படைக்கும் நூலகங்கள் ஒப்பந்தத்தில் நான்கு வரிகளைச் சேர்த்துக்கொள்ளட்டும்: மாதாந்தர நிலைப்பதிவுகள் தவறாமல் ஓட வேண்டும், ஓடாத மாதம் மறுநாளே தெரிவிக்கப்பட வேண்டும், 'ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' அட்டவணையின் பழைய வரிகளை எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் துப்புரவு செய்யக் கூடாது, ஒவ்வொரு பதிப்பு உயர்த்தலுக்குப் பிறகும் சேமித்த அறிக்கைகள் எல்லாவற்றையும் ஒரு முறை ஓட்டிக் காட்ட வேண்டும். அட்டவணை அமைப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறுவதால், போன ஆண்டு ஓடிய அறிக்கை இந்த ஆண்டு பிழை காட்டி நிற்பது சகஜம்.